பூஜை அறையில் ஒரு பிரிண்டர்

எங்கள் வீட்டில் அச்சாகி வந்த காகிதம் எல்லாம் பல காலம் கற்பூரம் மணந்தது. கேட்பவர்களுக்கு இது தெய்வீகமாகத் தெரியலாம். எனக்கு அந்த வாசனை இப்போதும் ஆகாது.

நான் பள்ளி வழிகாட்டி நூல்களுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறவள். திரையில் பார்த்தால் எனக்குப் பிழை கண்ணில் படாது, காகிதத்தில்தான் படும். காலையில் செரிமான மண்டலம் பற்றிய பாடத்தைக் கையில் எடுத்தால், இரைப்பையின் மேல் நல்லெண்ணெய் விரல் தடம் இருக்கும். நகல் எடுத்தால் கண்ணாடியில் படிந்த விபூதி படம் முழுக்க வெள்ளையாகத் தூவியிருக்கும். தாள் அடுக்கும் தட்டில் எறும்பு ஊரும், யாரோ சர்க்கரைப் பொங்கல் தின்ற கையோடு தாளை அடுக்கியிருப்பார்கள். பட்டன்கள் இருக்கும் பட்டையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வெடித்து, உள்ளே உதிர்ந்துகொண்டே இருக்கும். பதிப்பகத்திலிருந்து ஒருமுறை, 'தாளில் சிவப்புப் பொடி ஒட்டியிருக்கிறதே, என்ன அது' என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

அந்த பிரிண்டர் பூஜை அறைக்குப் போன கதையைச் சொல்கிறேன். எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகிற ஒரு சந்தில் இருக்கிறது. கீழே நானும் கணவரும் மகளும் மாமியாரும். மாடியில் கொழுந்தனாரும் அவர் மனைவியும். அவர்கள் இருப்பது போக மிச்சமுள்ள அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார் கொழுந்தனார். கணவருக்கு ஒரு கம்ப்யூட்டர், எனக்கு ஒன்று, மகளுக்கு ஒரு லேப்டாப், மாடியில் ஒன்று. பிரிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று. அதை வாங்கியவள் நான், என் வேலைக்காக. பழைய மாடல், வைஃபை கிடையாது. மோடத்தோடு ஒயரில் இணைத்துவிட்டால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்கு அனுப்பலாம்.

மோடம் பூஜை அறையில் இருந்தது. இன்டர்நெட் போட வந்தவர்கள் சுவரில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு, கார்த்திகை தீபத்துக்கு சீரியல் லைட் போட ஏற்கெனவே இருந்த ஓட்டை வழியாகவே கேபிளை உள்ளே விட்டார்கள். அது பூஜை அறை ஜன்னல் சட்டத்தில் இருந்தது. அங்கேயே, சாமி படங்களுக்குக் கீழ்த் தட்டில், மோடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் என்ன, ஒரு நீள ஒயர் வாங்கி என் அறை வரைக்கும் இழுத்துவிட்டால் பிரிண்டர் என் மேசையிலேயே இருக்கும் என்று நினைத்தேன். ஒயரும் வாங்கி வந்தேன்.

மாமியார் பூஜை அறை வாசற்படியிலேயே நிறுத்தினார்.

"இன்னாத்துக்கு ஒயர இழுத்துக்கினு போற?"

சொன்னேன்.

"சாமி ரூம்ல இருந்து உன் ரூமுக்கா? மாசத்துல மூணு நாளு இன்னா பண்ணுவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். "நீ தொடுவ. அந்தப் பெட்டி ஒயரு வழியா சாமிகிட்ட ஒட்டிக்கினுதான இருக்கும்."

என் கணவர் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நெட்வொர்க் வேலை பார்க்கிறவர். கண்டம் விட்டுக் கண்டம் என்ன போகிறது, எது போகவில்லை என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அவர் சிரித்துவிட்டு இதை முடித்து வைப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே, "அதுல சிக்னல்தாம்மா போவுது, கரண்ட்டு மாதிரி" என்றார்.

"கரண்ட்டே போவுதுன்னா தீட்டு போவாதா?"

அவர் யோசித்தார். அந்த யோசனையை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு, பிரிண்டரும் மோடம் பக்கத்திலேயே இருக்கட்டும், கம்ப்யூட்டர்கள் எல்லாம் வைஃபையில் வரட்டும் என்றார். வைஃபை என்றால் என்ன என்று மாமியார் கேட்டார்.

"காத்துலதாம்மா வரும். ஒயரே கெடயாது."

"அப்ப சரி. காத்துக்கு ஒண்ணும் இல்ல."

ஒயரில் தீட்டு உண்டு, காற்றில் கிடையாது. அன்று நானும் சிரித்தேன். தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிரிண்டர் பூஜை அறைக்குப் போயிற்று. குத்துவிளக்குக்கும் மோடத்துக்கும் நடுவில் அதற்கு ஒரு பலகை போட்டார்கள்.

பௌர்ணமி கிரிவலத்துக்கு மாடி அறைகள் நிறைந்துவிடும். கொழுந்தனார் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் மாடியிலிருந்து அடித்துத் தள்ளுவார். எந்தெந்த ஊர்க்காரர்களின் முகமோ, நேற்று வரைக்கும் என்ன தின்றார்களோ, எப்படி இருந்தார்களோ, அந்த முகமெல்லாம் பூஜை அறையில் சாமி முன்னால் வந்து விழும். அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் வருமானம். வீட்டில் விளக்கேற்றுகிற எனக்குத்தான் மாதத்தில் மூன்று நாள் வாசற்படி.

அந்த மூன்று நாள் பூஜை அறைக்குள் போவதில்லை என்பதை நான் அதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. அங்கே எனக்கு வேலை இல்லை, போகவில்லை, அவ்வளவுதான். இப்போது என் வேலையே அங்கே வந்து விழுந்தது. என் அறையிலிருந்து பிரிண்ட் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்று, "அத்தை, கொஞ்சம் எடுத்துத் தாங்க" என்று கேட்க வேண்டும். மாமியார் உள்ளே போய், தாள்களை இரண்டு விரலால் ஓரம் பிடித்துத் தூக்கி வந்து, வாசற்படிக்கு வெளியே தரையில் போடுவார். "எடுத்துக்கோ." கையில் தந்தால் அவர் மறுபடியும் குளிக்க வேண்டும். மின்விசிறிக் காற்றில் தாள்கள் ஹால் முழுக்கப் பறக்கும். சோபாவுக்கு அடியிலிருந்து ஒன்பதாம் பக்கத்தை எடுக்க நான் குனிந்து தவழ்ந்திருக்கிறேன்.

ஒருநாள் நான் அப்படித் தவழும்போது கொழுந்தனார் பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்தார். என்னைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "நான் எடுத்துத் தரட்டுமா அண்ணி?" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் என் உடம்பின் கணக்கு என் பிரிண்டர் வழியாக மாடி வரைக்கும் போய்விட்டது என்று அந்தத் திருப்பிய முகத்தில் தெரிந்தது.

அன்று கணவரிடம் கோபமாகவே சொன்னேன். பிரிண்டரை எடுத்து ஹாலில் வையுங்கள், என் அறைக்கு வேண்டாம், ஹாலில் வையுங்கள் போதும். அவர், "ஒரு வழி பண்றேன் இரு" என்றார்.

பண்ணினார். ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து, காபி மேல் காபி குடித்து, வீட்டில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏதோ ஏற்றினார். சாயங்காலம் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். பிரிண்ட் கொடுக்கும்போது வரும் பட்டியலில் இப்போது இரண்டு பிரிண்டர்கள் தெரிந்தன. ஒன்றின் பெயர் 'வீடு'. இன்னொன்றின் பெயர் 'லேடீஸ்'.

"பிரிண்டர் ஒண்ணுதான். சாதா நாள்ல மேல இருக்கிறத அமுக்கணும். அந்த மாதிரி நாள்ல கீழ இருக்கிறது. கீழ இருக்கிறத அமுக்கினா என் கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும். நான் பாத்துட்டு, உள்ள போய் நின்னுக்கினு போன்லயே பிரிண்ட் விட்டு, கையோட எடுத்துக்கினு வந்து குடுத்துடுவேன். அம்மா தொட வேண்டியதில்ல. யாரும் யார்கிட்டயும் வாய் தொறந்து சொல்ல வேண்டியதில்ல."

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மாடியிலிருந்து வந்த ஓரகத்திக்கும் சந்தோஷம். "நல்லதாப் போச்சு அக்கா" என்று என் காதில் சொன்னாள், "எங்க வீட்டுக்காரர்கிட்ட வாயத் தொறந்து கேக்காம அமுக்கிட்டுப் போயிடலாம்." அவளுடைய நாளையும் இனிமேல் என் கணவர் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

"இவ்ளோ வேல செஞ்ச நேரத்துல அத தூக்கி ஹால்ல வெச்சிருக்கலாமே" என்றேன்.

"அம்மா மனசு சங்கடப்படும். இதுல பாரு, யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல."

இந்த மனிதருக்குத் தீட்டிலும் நம்பிக்கை இல்லை, சாமியிலும் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருந்து செய்திருந்தால் நான் மாமியாரிடம் விட்டது போல அவரிடமும் விட்டிருப்பேன். நம்பாத ஒன்றுக்கு இத்தனை சுத்தமாக வேலை செய்து கொடுத்தாரே, அதுதான் எனக்கு அருவருப்பு. அந்தப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் கண்ணில் பட்டு, பொதுக் கழிப்பறைக் கதவு போல நிற்கும். என் கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்குவேன். அடுத்த முறை பார்த்தால் அவர் சரிபண்ணி வைத்திருப்பார். அந்த நாட்களில் நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நடக்க ஆரம்பித்தேன். வெயிலில் நடந்தாலும் அங்கே கையில் தந்தார்கள்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். மகளின் லேப்டாப்பிலும் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததுதான் விஷயம். அப்போது அவள் ஆறாம் வகுப்பு.

"அப்பா, லேடீஸ்னா இன்னாப்பா?"

"அது உனக்கு இப்ப வேணாம்மா."

இப்ப. அந்த ஒரு சொல் போதும். அவளுக்கு அங்கே இடம் போட்டு வைத்தாகிவிட்டது, வயது வருவதுதான் பாக்கி. அவள் தூங்கப் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்காக எனக்கு என்ன செய்தாலும் செய்யுங்கள், இந்தப் பெண் அதை அமுக்கக் கூடாது, அவளுக்குத் தரையில் எதுவும் வைக்கக் கூடாது என்றேன். அவருக்கு நான் சந்தேகப்பட்டதே வருத்தம்.

"அவ என் பொண்ணு. அவளுக்கு அப்டிப் பண்ணுவனா?"

நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், கடைக்குப் போக முடியாமல் நான் அதை அமுக்கிய நாட்களிலும் எங்கள் அறைக்குள் என் தாள்களை அவர் கையில்தான் தருவார். ஹாலில் அம்மா உட்கார்ந்திருந்தால் மட்டும் தரையில் வைப்பார், வைத்துவிட்டுக் கண்ணைக் காட்டுவார், நமக்குள் ஒரு விளையாட்டு போல. மகள் மேல் அவருக்கு உயிர். மாதுளம்பழத்தை உரித்து, முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டு, அவள் படிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் இவர் சாப்பிட மாட்டார்.

எட்டாம் வகுப்பில் அவள் பெரியவளானாள். மண்டபம், பேனர் எல்லாம் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்து, வீட்டோடு தண்ணீர் ஊற்றி முடித்தோம். அன்றைக்கு அவர் ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. லேடீஸ் என்றால் என்ன என்பதையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நான் எத்தனையோ பதில் வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை, ஸ்கூல் வேன் வருகிற நேரம். சோலார் அடுப்பு பற்றி அவள் ஒரு ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டியிருந்தது. நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஹாலில் மாமியார் தரையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகள் தன் அறையிலிருந்து ஹாலுக்கு வந்து, "அப்பா, அனுப்பிட்டேன்" என்றாள். எதில் அனுப்பினாள் என்று நான் யோசிப்பதற்குள் அவர் பூஜை அறைக்குள் போய்விட்டார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன்.

அவர் தாள்களோடு வெளியே வந்தார். மகள் கையை நீட்டினாள். அவர் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். மாமியார் கீரையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். இவர் குனிந்து, தாள்களை மகளின் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் வைத்தார்.

"எடுத்துக்கம்மா."

நீட்டிய கையை அவள் அப்படியே கீழே இறக்கி, குனிந்து எடுத்தாள். "தேங்க்ஸ்பா" என்றாள்.

தோசை தீய்ந்த வாசனை வந்தது. வேன் ஹாரன் அடித்தது. அவள் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பாட்டிக்கு டாட்டா காட்டிவிட்டு ஓடினாள்.

அடுப்பை அணைத்துவிட்டு நேராகப் பூஜை அறைக்குள் போனேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிரிண்டரைத் தூக்கினேன். அடியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காகப் பலகையோடு ஒட்டியிருந்தது, இழுத்ததும் பிசுபிசுவென்று விட்டது. நடுவில் ஒரு கரப்பான் முட்டை. சாமிக்கு முன்னால், மடி மடி என்று இத்தனை காலம் காத்து வைத்திருந்த இடத்தில்.

"இன்னா பண்ற?" என்றார் மாமியார்.

"ஹாலுக்கு எடுத்துக்கினு வர்றேன் அத்தை."

"ஒயரு?"

"ஒயரும் வரும்."

"நீ இப்ப..."

"அத மட்டும் கேக்காதீங்க அத்தை. இன்னிக்கு இல்ல, என்னிக்குமே கேக்காதீங்க."

பரணில் கிடந்த நீள ஒயரை எடுத்து, மோடத்திலிருந்து பூஜை அறைக் கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு இழுத்து, டிவி ஸ்டாண்டில் பிரிண்டரை வைத்தேன். சத்தம் கேட்டு அவர் வந்தார். நின்று பார்த்துவிட்டு, "நான் இன்னா பண்ணிட்டேன் இப்ப?" என்றார்.

"கைய நீட்டினா. கீழ வெச்சீங்க."

"அம்மா பாத்துக்கினு இருந்தாங்க."

"அவளுந்தான் பாத்தா."

நான் அவர் பக்கத்திலேயே நின்று, எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் 'லேடீஸ்' என்ற பெயரை நீக்க வைத்தேன். மாடிக்கும் கூடவே போனேன். ஓரகத்தி என்னவோ ஏதோ என்று பார்த்தாள். அதைப் போடுவதற்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று, எடுப்பதற்குக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

மாமியார் சில நாள் என்னோடு பேசவில்லை. கதவிடுக்கு ஒயரைத் தாண்டும்போது புடவையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். பிறகு அதுவும் பழகிவிட்டது, மிதித்துக்கொண்டே போனார். உலகம் இடிந்துவிடவில்லை. நான் பிரிண்டரை ஈரத்துணியால் துடைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். காகிதத்தில் காகித வாசனை வந்தது. ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. மாமியார் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தார். கணவர் ஆபீஸ் வேலையாகச் சென்னையில். மாடியிலும் யாரும் இல்லை. நானும் மகளும் மட்டும்தான். நான் ஹாலில் தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்டர் ஓடி, ஒரு தாளைத் தள்ளி நின்றது. மகள் வந்தாள். பிரிண்டருக்கு முன்னால் போய் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அத எடுத்துத் தாயேன்."

சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தலையைத் தூக்காமலே, "பக்கத்துலதான நிக்கிற, எடுத்துக்கோ" என்றேன்.

"இல்லம்மா. எனக்கு இன்னிக்கு..."

நிமிர்ந்து பார்த்தேன். "அது இப்ப சாமி ரூம்ல இல்லையேம்மா."

"தெரியும்."

"பாட்டியும் இல்ல. யாரும் உன்ன ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"தெரியும்மா. யாரும் சொல்லல. எனக்கேதான் தொடறதுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அசிங்கமா இருக்கு. பிரிண்டர் இல்ல. நான்."

எழுந்து போய் அவள் கைகளைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தேன். இரண்டும் ஈரமாக இருந்தன. என்னிடம் கேட்க வருவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள்.